யாருக்கோ எழுதிய குறிப்பு

1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வால்நட்சத்திரம் ஒன்றைப் பார்த்துவந்தார். பெயர் ழான் ரிஷோ. இயேசு சபையைச் சேர்ந்தவர். பதினான்காம் லூயி மன்னர் சயாமுக்கு அனுப்பிய, கணிதம் கற்ற பாதிரியார்களில் ஒருவர். 1688இல் சயாமில் ஆட்சி கவிழ்ந்து பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற நேர்ந்தபின் இங்கே வந்து சேர்ந்தவர். அவரிடம் இருந்தது ஏறத்தாழ 12 அடி நீளத் தொலைநோக்கி. வால்நட்சத்திரத்தைத் தேடிப்போன பார்வை பக்கத்தில் இருந்த சென்டாரஸ் மண்டலத்தின் காலடி நட்சத்திரத்தில் பட்டது. இன்று ஆல்பா சென்டாரி என்கிறோமே, அது. பாரிஸில் என்றுமே அடிவானத்துக்கு மேல் எழாத நட்சத்திரம். புதுச்சேரியிலோ உச்சத்துக்கு வரும்போது கடலுக்கு மேல் ஏறத்தாழ 18 பாகை உயரத்தில் நிற்கும். அது ஒன்றல்ல, இரண்டு என்று ரிஷோ கண்டார். தென்சிலுவையின் அடியில் உள்ள இரட்டையில் இரு புள்ளிகளும் விலகி நிற்கின்றன, இங்கேயோ ஒன்றையொன்று தொடுவதுபோல இருக்கின்றன, ஆனாலும் எளிதாகப் பிரித்தறிய முடிகிறது என்ற பொருளில் எழுதியும் வைத்தார். சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம் இரட்டை என்பது உலகுக்குத் தெரிந்த இடம் புதுச்சேரி. இதில் பெருமைப்படலாம். ஆனால் அந்தக் குறிப்பால் பின்னால் வந்த கணக்கர்களுக்கு என்ன பயன் என்று கேட்டால், விடை சற்றுச் சங்கடமானது: ஏறக்குறைய ஒன்றுமில்லை.

காரணம் எளியது. இரட்டை நட்சத்திரத்தை அறிவதென்றால் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, இரண்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளி. மற்றொன்று நிலைக்கோணம்: பெரியதிலிருந்து பார்த்தால் சிறியது எந்தத் திசையில் இருக்கிறது என்பதை வடக்கிலிருந்து கிழக்குவழியாக எண்ணும் பாகை. இடைவெளியை விகலையில் அளப்பார்கள். ஒரு பாகையில் 3600 விகலை. இரண்டு சென்டிமீட்டர் அகல நாணயத்தை நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் எவ்வளவோ, அவ்வளவு ஒரு விகலை. ஆல்பா சென்டாரியின் இருவரும் ஒருவரையொருவர் சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டு ஆகிறது. இன்றைய கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால் ரிஷோ பார்த்தபோது இடைவெளி ஏழெட்டு விகலை இருந்திருக்கும். அதாவது அவருடைய குறிப்பை நாம்தான் நம் கணக்கால் விளக்குகிறோம். அது நம் கணக்குக்கு எதுவும் தருவதில்லை. ‘தொடுவதுபோல’ என்ற சொல்லை எந்தச் சூத்திரத்திலும் போட முடியாது. இரட்டை நட்சத்திர ஆய்வின் நானூறு ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான். முதலில் கண்டவரைவிட, தன் காலத்துக்குத் தேவைப்படாத அளவையும் சேர்த்து எழுதிவைத்தவரே இந்த அறிவை வளர்த்தார். பெரிய கருவி இல்லாதவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் கிடைத்தது அதனால்தான்.

தமிழ் வீடுகளில் இரட்டை நட்சத்திரத்துக்கு ஒரு பழைய இடம் உண்டு. அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கில் மணமக்களுக்குக் காட்டப்படும் அருந்ததி, சப்தரிஷி மண்டலத்தின் வசிட்டனுக்கு அருகே மங்கலாகத் தெரிவது. சங்க நூல்கள் வடமீன் என்று சொன்னது. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 12 கலை, அதாவது 700 விகலைக்கு மேல். கூர்மையான வெறுங்கண்ணுக்கு இது போதும். ஆனால் வசிட்டனே இரட்டை என்பதை அறியத் தொலைநோக்கி வரவேண்டியிருந்தது. 1617 தொடக்கத்தில் பெனடெட்டோ காஸ்டெல்லி தூண்டியதன்பேரில் கலிலியோ அதைப் பார்த்து, இடைவெளி 15 விகலை என்று குறித்தார். இன்றைய அளவு 14க்குச் சற்று மேல். இவ்வளவு துல்லியமாக அவர் ஏன் அளந்தார்? பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நிரூபிக்கத்தான். பிரகாசமானது அருகிலும் மங்கலானது வெகுதொலைவிலும் இருந்தால், பூமி நகர நகர அருகில் உள்ளது மற்றதை ஒட்டிச் சற்றே இடம் மாறித் தெரியவேண்டும். அப்படி எதுவும் தெரியவில்லை. எண் தாளில் தங்கிவிட்டது. இரு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றக்கூடும் என்ற எண்ணமே அன்று யாருக்கும் இல்லை.

ஒரு கேள்விக்காக எடுத்த அளவு வேறொரு கேள்விக்கு விடையாவதற்கு ஜேம்ஸ் பிராட்லியைவிட நல்ல சான்று கிடைக்காது. 1718இல் இளைஞரான பிராட்லியும் அவருடைய மாமா ஜேம்ஸ் பவுண்டும் கன்னி ராசியின் போரிமாவைப் பார்த்தார்கள். அதன் இருவரையும் இணைக்கும் கோடு, அதே மண்டலத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் வேறு இரு நட்சத்திரங்களை இணைக்கும் கோட்டுக்கு இணையாக இருக்கிறது என்று எழுதிவைத்தார்கள்; அந்த இரண்டில் ஒன்று சித்திரை. மிதுனத்தின் காஸ்டருக்கும் அப்படியே: 1759ஐ ஒட்டிய ஒரு குறிப்பில், அதன் இரட்டைக்கோடு ஆண்டின் எந்தக் காலத்திலும் காஸ்டரையும் பொலக்ஸையும் சேர்க்கும் கோட்டுக்கு இணையாகவே நிற்கிறது என்றார். நாம் புனர்பூசம் என்று சொல்லும் இணைதான் அது. பிராட்லி தேடியதும் கலிலியோ தேடியதையே, கிடைக்காததும் அதுவே. ஆனால் வானத்தையே அளவுகோலாக வைத்துத் திசையைப் பிடித்துவைத்துவிட்டார். ரிஷோவின் குறிப்புக்கும் பிராட்லியின் குறிப்புக்கும் இடையே உள்ள தூரம் கருவியால் ஆனதல்ல, ஒரு வாக்கியத்தால் ஆனது.

அந்த வாக்கியத்தைப் பயன்படுத்தியவர் வில்லியம் ஹெர்ஷல். இங்கிலாந்தின் பாத் நகரில் இசை வாசித்தும் கற்பித்தும் பிழைத்துக்கொண்டிருந்த அவர், தாமே தேய்த்துச் செய்த ஆறங்குல ஆடித் தொலைநோக்கியால் இரட்டைகளை வரிசையாகத் தேடினார். 1781 மார்ச் 13 அன்று யுரேனஸ் கிடைத்ததே அந்தத் தேடலின் நடுவில்தான். 1782இல் 269 இரட்டைகளின் பட்டியலை வெளியிட்டார். அவருக்கும் வேண்டியது நட்சத்திரங்களின் தூரம்தான். இத்தனை இரட்டைகள் தற்செயலாக ஒரே திசையில் அமைந்திருக்க வாய்ப்பில்லை என்று ஜான் மிட்செல் 1767இலேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். மன்ஹைமில் கிறிஸ்தியன் மேயர் சிறு நட்சத்திரங்களைப் பெரியவற்றின் துணைகள் என்று சொன்னபோது எதிர்ப்பும் எழுந்தது. வாதம் தீர்ந்தது வாதத்தால் அல்ல. கால் நூற்றாண்டு கழித்து ஹெர்ஷல் அதே இரட்டைகளை மறுபடி அளந்தார். காஸ்டரின் கோடு திரும்பியிருந்தது. பிராட்லியின் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் திருப்பம் ஒரே சீராக நடந்துவந்தது தெரிந்தது. 1803இல் அவர் அறிவித்தது, நியூட்டனின் ஈர்ப்பு சூரியக் குடும்பத்துக்கு வெளியேயும் ஆட்சி செய்கிறது என்பதற்கான முதல் நேரடிச் சான்று. தேடியது தூரம், கிடைத்தது சுழற்சி. கேள்வி தப்பாக இருந்தும் அளவு சரியாக இருந்ததால் அது வீண்போகவில்லை.

அளவு நிற்கும், கணக்கு போகும் என்பதைப் போரிமா இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. ஹெர்ஷலின் மகன் ஜான், பிராட்லியின் 1718 குறிப்பில் தொடங்கிக் கிடைத்த எல்லா அளவுகளையும் கோத்து அதன் பாதையைக் கணித்தார். முதலில் வந்த சுற்றுக்காலம் ஐந்நூறு ஆண்டுக்கும் மேல். ஆனால் 1830களில் அந்த இரண்டும் யாரும் எதிர்பாராத வேகத்தில் நெருங்கின. 1836 ஜனவரியில் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி வில்லியம் ஹென்றி ஸ்மித், பெட்ஃபோர்டில் தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுவிய ஏறத்தாழ ஆறங்குலத் தொலைநோக்கியில் பார்த்தபோது ஒரே ஒரு நட்சத்திரம்தான் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் இருந்த ஜான் ஹெர்ஷலுக்கும் அது ஒன்றாகவே தெரிந்தது. டோர்பாட்டில் வானியலாளர் ஸ்ட்ரூவ வைத்திருந்த ஃபிரான்ஹோஃபர் தொலைநோக்கியில் மட்டும் அது சற்று நீண்ட புள்ளியாகத் தென்பட்டது. நெருங்கிப் பிரிந்த அந்தச் சில ஆண்டுகளின் அளவுகள் வந்ததும் ஐந்நூறு ஆண்டுக் கணக்கு சரிந்தது. உண்மைச் சுற்றுக்காலம் 169 ஆண்டு. தவறு ஜான் ஹெர்ஷலின் கணிதத்தில் இல்லை. வளைவின் ஒரு சிறு துண்டை வைத்து முழு வளைவையும் ஊகிக்க வேண்டியிருந்தது, அவ்வளவே. அவர் போட்ட கணக்கு இன்று பழங்கதை. பிராட்லியின் இணைகோடோ பின்வந்த கணக்குகளிலும் தொடர்ந்து இருந்தது. 2005இல் போரிமா மறுபடி ஒட்டிக்கொண்டபோது இடைவெளி 0.4 விகலைக்கும் குறைந்தது. இப்போது நன்றாக விலகிவிட்டது; சிறு தொலைநோக்கிகளும் பிரித்துக் காட்டுகின்றன.

நெருங்கிய இரட்டையைப் பிரிப்பது என்றால் என்ன என்பதை இங்கே சொல்லவேண்டும். எவ்வளவு நல்ல வில்லையிலும் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாது. ஒளியின் அலைத்தன்மையால் ஒரு சிறு வட்டாகவும் அதைச் சுற்றி மெல்லிய வளையங்களாகவும் தெரியும். 1835இல் ஜார்ஜ் ஏரி இதன் கணிதத்தைத் தந்தார். வில்லை சிறிதானால் வட்டு பெரிதாகும். இரு வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் பிரிக்க முடியாது. எங்கே பிரியும், எங்கே பிரியாது என்ற எல்லையைப் பட்டறிவால் வகுத்தவர் வில்லியம் ரட்டர் டாஸ். மருத்துவமும் பார்த்த ஆங்கிலேயப் பாதிரியார். வானியல் அவருக்குச் சம்பள வேலை அல்ல. பல அளவுள்ள வில்லைகளில் பார்த்துப் பார்த்து அவர் 1867இல் வெளியிட்ட விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 11.6ஐ வில்லையின் சென்டிமீட்டர் விட்டத்தால் வகுத்தால் வருவது பிரிக்கக்கூடிய விகலை. பத்து சென்டிமீட்டர் தொலைநோக்கிக்கு 1.16, இருபதுக்கு 0.58. ஆனால் இது இரண்டும் ஒத்த ஒளியுடையவையாகவும் அதிகப் பிரகாசம் இல்லாதவையாகவும் இருந்தால்தான். ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு பிரகாசமானால் அதன் வளையங்களுக்குள் துணை மூழ்கிவிடும். இதற்கெல்லாம் மேல் காற்று: வட்டு கொதிக்கும், வளையம் சிதறும், ஏதோ ஒரு கணத்தில் எல்லாம் அமைதியாகி இரண்டும் தனித்தனியே நின்றுவிட்டு மறையும். அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து, மைக்ரோமீட்டரின் சிலந்தி இழைகளை இரு வட்டுகள்மேலும் வைத்து, பாகையையும் விகலையையும் படித்து, பல இரவுகளின் சராசரியை எடுப்பதுதான் அந்தக் காலத்து வேலை.

இந்த வேலை பெரிய நிலையங்களோடு நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்று சிகாகோவின் ஷெர்பர்ன் வெஸ்லி பர்னம். பகலில் நீதிமன்றத்தில் வாக்குமூலங்களைச் சுருக்கெழுத்தில் எடுப்பார். இரவில் வீட்டுக் கொல்லையில் ஆறங்குலத் தொலைநோக்கி. ஸ்ட்ரூவ குடும்பத்தார் வடவானத்தைச் சலித்து முடித்துவிட்டார்கள், புதிதாக இனி மிச்சமில்லை என்று பலரும் எண்ணிய காலம் அது. 1873இல் பர்னம் 81 புதிய இரட்டைகளின் பட்டியலை வெளியிட்டார். வாழ்நாளில் கண்டவை 1300ஐ ஒட்டும். ஆனால் நான் பெரிதாகச் சொல்ல நினைப்பது அதை அல்ல. 1906இல் அவர் வெளியிட்ட பொதுப்பட்டியல் 13,665 இரட்டைகளை உள்ளடக்கியது. தம்முடையதோ பிறருடையதோ, இதுவரை யார் எதை எப்போது அளந்தார் என்பதை ஒன்றாகக் கொண்டுவந்த வேலை அது. வாக்குமூலத்தை ஒரு சொல்லும் விடாமல் பதிவுசெய்யும் தொழிலில் இருந்தவர் வானத்திலும் அதையே செய்தார்.

இங்கே ஒரு மறுப்பு வரும். பர்னமின் வெற்றி பொறுமையால் வந்ததா, ஆல்வன் கிளார்க் செய்த ஈடற்ற வில்லையால் வந்ததா? நியாயமான கேள்வி. கிளார்க்கின் வில்லைகளை இங்கிலாந்தில் வாங்கி அவருக்கு முதலில் பெயர் தேடித்தந்தவரே டாஸ்தான். 1862 ஜனவரி 31 அன்று கிளார்க்கின் மகன் 18.5 அங்குலப் புது வில்லையைச் சோதித்தபோது சிரியஸின் மங்கலான துணை தென்பட்டது. பர்னமின் ஆறங்குலத்துக்கு அது எளிதில் எட்டும் பொருள் அல்ல. கருவிக்கு வரம்பு உண்டு, வரம்பைப் பொறுமை தாண்டாது. ஆயினும் அந்தத் துணை இருக்கிறது என்று வானியலாளர் பெஸல் 1844இலேயே சொல்லிவிட்டார். சிரியஸின் போக்கு நேர்கோடாக இல்லாமல் அலைபாய்வதை அவர் பழைய அளவுகளிலிருந்து பிடித்தார். அந்த வரிசையின் அடியில் பிராட்லி 1750களில் எடுத்த அளவுகள் இருந்தன. பெரிய வில்லை கண்ணுக்குக் காட்டியதைப் பழைய ஏடு அதற்கு 18 ஆண்டு முன்பே காட்டிவிட்டது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. அதற்கான சான்றும் நம் மண்ணிலேயே இருக்கிறது. வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், கும்பினியின் பம்பாய்ப் பொறியாளர் படை அதிகாரி. புனேயில் சொந்தச் செலவில் சிறிய வான்காட்சி நிலையம் அமைத்து, ஐந்தடி நீள டாலண்ட் தொலைநோக்கியால் இரட்டைகளை அளந்தார். 244 இரட்டைகளின் பட்டியல் அதன் பலன். 1848 இறுதியில் நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வான்காட்சி நிலையத்தின் பொறுப்புக்கு வந்தார். 1855இல், 70 ஓபியூச்சி என்ற இரட்டையின் அளவுகள் கணக்கிட்ட பாதையிலிருந்து விலகுவதைக் காட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருப்பதற்கு மிகுந்த வாய்ப்பு என்று எழுதினார். வேறொரு சூரியனைச் சுற்றும் கோளைப் பற்றி அளவுகளின் அடிப்படையில் எழுந்த முதல் கூற்றுகளில் ஒன்று சென்னையிலிருந்து போனது. அது நிலைக்கவில்லை. 1890களில் அமெரிக்காவில் டி. ஜே. ஜே. சீ அதே கருத்தைப் புதுப்பித்தபோது, அவர் சொன்ன அமைப்பு நிலைத்திருக்கவே முடியாது என்று 1899இல் மோல்ட்டன் காட்டினார். பொறுமையாக அளந்த ஆர்வலரே தவறினார் என்றால் என் வாதம் என்ன ஆவது?

ஜேக்கப்பின் தவறு எங்கே என்று பார்த்தால் அந்த வாதம் வலுக்கவே செய்கிறது. பெஸல் பிடித்த அலைவு பல விகலைகள். ஜேக்கப் பிடிக்க முயன்றது அளப்பவர்களின் கைப்பிழை எவ்வளவோ அவ்வளவே. 70 ஓபியூச்சியின் சுற்றுக்காலம் ஏறத்தாழ 88 ஆண்டு. வில்லியம் ஹெர்ஷல் அதை முதலில் அளந்தது 1779இல். ஜேக்கப் எழுதியபோது கழிந்தது 76 ஆண்டு. ஒரு சுற்றுகூட முடியாத பாதையின் எச்சப் பிழையில் அவர் ஒரு கோளை வாசித்தார். அடுத்த தலைமுறை சொல்லவேண்டிய முடிவைத் தாமே சொல்லப் பார்த்தார். ஆனால் அவருடைய அளவுகள் பொய்யாகவில்லை, முடிவுதான் பொய்த்தது. புனேயிலும் சென்னையிலும் அவர் எழுதிய பாகையும் விகலையும் அந்த இரட்டைகளின் வரலாற்றில் அந்தந்த ஆண்டுக்குரிய சாட்சியமாக நிற்கின்றன. அவசரப்பட்ட ஜேக்கப்பை அளந்த ஜேக்கப் காப்பாற்றிவிட்டார்.

கடைசி மறுப்பு இன்றையது. ஐரோப்பாவின் கையா விண்கலம் 2014 முதல் 2025 ஜனவரி வரை நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தை, விகலையை ஆயிரமாகக் கூறுபோட்டாலும் போதாத துல்லியத்தில் அளந்தது. அமெரிக்கக் கடற்படை வான்காட்சி நிலையத்தின் வாஷிங்டன் பட்டியலில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டைகள் இருக்கின்றன. இனி மொட்டைமாடித் தொலைநோக்கிக்கு என்ன வேலை? அகலமான, மங்கலான இரட்டைகளைப் பொறுத்தவரை இந்த மறுப்பை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே கையாவோடு போட்டிபோடுவது வீண். ஆனால் கையா மிகப் பிரகாசமான நட்சத்திரங்களில் தடுமாறியது, அரை விகலைக்கும் குறைவாக ஒட்டிய இரட்டைகளில் திணறியது. அதைவிட முக்கியமானது காலம். அது பார்த்தது பத்தரை ஆண்டு. போரிமாவுக்கு அது ஒரு சுற்றில் பதினாறில் ஒரு பங்கு. காஸ்டருக்கு ஒரு சுற்று நானூறு ஆண்டுக்கும் மேல். பிராட்லி காலத்திலிருந்து இன்றுவரை அது ஒருமுறைகூடச் சுற்றி முடிக்கவில்லை. எவ்வளவு துல்லியமான துண்டும் துண்டுதான் என்பதை ஜான் ஹெர்ஷலின் ஐந்நூறு ஆண்டு நமக்குச் சொல்லிவிட்டது. ஆர்வலர்களின் கருவியும் பழையபடி இல்லை. சிலந்தி இழையின் இடத்தில் இப்போது வேகமான சிறு கேமரா. ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, காற்று அமைதியான கணங்களில் விழுந்தவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். டாஸ் கண்ணால் காத்திருந்த கணத்தைக் கணினி சலித்து எடுக்கிறது. அப்படிக் கிடைக்கும் அளவுகள் ஆய்விதழ்களில் வெளியாகி, வாஷிங்டன் பட்டியலில் ஸ்ட்ரூவவுக்கும் பர்னமுக்கும் கீழே ஒரு வரியாகச் சேர்கின்றன.

வசிட்டனின் பக்கத்தில் நாம் காட்டிவரும் அருந்ததிக்கே ஒரு விகலை தூரத்தில் மங்கலான துணை உண்டு என்பது 2009இல்தான் தெரிந்தது. எத்தனை நூற்றாண்டு எத்தனை கண்கள் பார்த்த நட்சத்திரம் அது! பார்ப்பது ஒன்று, பதிவது வேறு. ரிஷோ கண்ட இரட்டை அன்றிலிருந்து நான்கு முறைக்கு மேல் சுற்றிவிட்டது. 2016ஐ ஒட்டி இடைவெளி நான்கு விகலைக்குச் சுருங்கி, இப்போது விரிந்துவருகிறது. 2030களின் பிற்பகுதியில் இரண்டு விகலைக்கும் கீழே ஒடுங்கும். கோடைத் தொடக்கத்து இரவுகளில் புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து தெற்கே பார்த்தால் அது இன்றும் தாழ்வாகத்தான் நிற்கிறது. அடிவானக் காற்றில் வட்டுகள் கொதிக்கும், அளவு முரடாகத்தான் வரும். முரடானாலும் பரவாயில்லை. தேதி, இத்தனை விகலை, இத்தனை பாகை, பிழை இவ்வளவு இருக்கலாம் என்று நான்கு எண்கள் இருந்தால் போதும். 1689இல் அதே கரையில் விட்டுப்போனது அவற்றில் தேதி ஒழிந்த மூன்றும்தான்.